மேற்குச் சுவரின் வெளிப்புற வெப்பச்சலனக் கெழு: எந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொள்வது?

கேள்வி – மேற்குமுகம்

வணக்கம். சென்னையில் உள்ள ஐந்து மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கோடைக்கால வெப்பச் சுமையை முதுநிலை ஆய்வேட்டுக்காகக் கணக்கிட்டு வருகிறேன். கட்டிடத்தின் நீளமான பக்கம் மேற்கு நோக்கியது. 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர், இருபுறமும் சிமென்ட் பூச்சு, வெளியே வெளிர்பழுப்பு வண்ணம். சுற்றிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. உள்ளே ஏசி 26 டிகிரியில் இயங்குவதாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுவருக்குள் வெப்பம் கடத்தப்படுவதைக் கணக்கிடுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. வெயிலில் சூடேறிய வெளிப்பரப்பிலிருந்து காற்று எவ்வளவு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். பரப்புக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டை ஒரு கெழுவால் பெருக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் அந்தக் கெழுவுக்கு ஒவ்வொரு நூலும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறது. மே மாதப் பிற்பகலில் விமான நிலையக் காற்று வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மெக்ஆடம்ஸ் பெயரில் வழங்கும் 5.7 + 3.8 × வேகம் என்ற சூத்திரம் ஏறத்தாழ 21 என்கிறது. ஐஎஸ்ஓ 6946 தரநிலையில் வரும் 4 + 4 × வேகம் என்பது 20 தருகிறது. ஆனால் அதே தரநிலை வெளிப்பரப்பின் வெப்பத்தடையை 0.04 என்று, அதாவது கெழுவை 25 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் கையேட்டில் கோடைக்கு 22.7, குளிர்காலத்துக்கு 34. கட்டிடங்களின் ஆற்றல் பயன்பாட்டைக் கணிக்கும் எனர்ஜிபிளஸ் மென்பொருளோ அதே மணி நேரத்துக்கு 8க்கு அருகில் ஓர் எண்ணைக் காட்டுகிறது. இவை எல்லாமே சதுர மீட்டருக்கு, ஒரு கெல்வின் வேறுபாட்டுக்கு, இத்தனை வாட் என்ற அலகில்தான் உள்ளன.

சுவரின் மொத்த வெப்பத்தடையில் வெளிப்பரப்பின் பங்கு மிகச் சிறியது என்பதால் எந்த எண்ணைப் போட்டாலும் விடை மாறாது என்று என் வழிகாட்டி கருதுகிறார். அப்படியானால் நான் ஏன் இதற்குள் இவ்வளவு நேரம் செலவிட வேண்டும் என்றும் தோன்றுகிறது. எந்த எண் சரியானது, அது உண்மையிலேயே முக்கியமா என்று விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1 – சலனம்

நீங்கள் பட்டியலிட்ட எண்கள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தெரிந்தாலும், அவற்றில் சில ஒரே பொருளையே குறிக்கவில்லை. முதலில் அதைப் பிரித்துவிடுவோம். ஐஎஸ்ஓ தரும் 25, ஆஷ்ரே தரும் 22.7, 34 ஆகியவை வெப்பச்சலனத்தையும் வெப்பக் கதிர்வீச்சையும் சேர்த்துச் சொல்லும் கூட்டுக் கெழுக்கள். ஐஎஸ்ஓவில் காற்று வேகம் 4 என்று கொண்டு சலனத்துக்கு 20, கதிர்வீச்சுக்கு ஏறத்தாழ 5 என்று கூட்டி 25 ஆக்கியிருக்கிறார்கள். ஆஷ்ரேயின் கோடை எண் நொடிக்கு 3.4 மீட்டர் வேகத்துக்கும், குளிர்கால எண் 6.7 மீட்டர் வேகத்துக்கும் உரியவை. எனர்ஜிபிளஸ் காட்டும் 8 என்பது சலனம் மட்டும். கதிர்வீச்சை அது வானம், தரை, காற்று என்று பிரித்துத் தனியே கணக்கிடுகிறது. உங்கள் சுவர் 45 டிகிரியை ஒட்டி இருக்கும்போது கதிர்வீச்சின் பங்கு 6 முதல் 7 வரை வரும். ஆகவே 25ஐ 8உடன் ஒப்பிடக் கூடாது. 14 அல்லது 15உடன்தான் ஒப்பிட வேண்டும். ஆயினும் இடைவெளி பெரிதாகவே இருக்கிறது.

மீதி இடைவெளி காற்று வேகத்தில் இருக்கிறது. விமான நிலையத்தில் 10 மீட்டர் உயரத்தில், திறந்தவெளியில் அளந்த வேகம் அது. அதே காற்று நகருக்குள் நுழைந்து, நெருங்கி நிற்கும் வீடுகளின் மேல் உராய்ந்து வரும்போது மெலிகிறது. ஆஷ்ரே முறையில், உயரத்தோடு வேகம் எப்படிக் கூடுகிறது என்பதைச் சொல்லும் அடுக்கு திறந்தவெளிக்கு 0.14; தரையின் உராய்வு எட்டும் காற்றுப் படலத்தின், அதாவது எல்லைப்படலத்தின், தடிமன் 270 மீட்டர். அடர்ந்த நகருக்கு 0.33, 460 மீட்டர். இவற்றைப் போட்டுப் பார்த்தால் 4 மீட்டர் வேகம் உங்கள் கட்டிடத்தின் 15 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 2.05 ஆகக் குறைகிறது. சுற்றுப்புறத்தைப் புறநகர் என்று குறித்தால் (0.22, 370 மீட்டர்) 3.1 வருகிறது. மென்பொருளில் நிலப்பரப்பு வகையைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒற்றைச் சொல், எந்தச் சூத்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதற்கு இணையான விளைவைத் தருகிறது. பலர் அந்த இடத்தைப் பார்க்காமலேயே கடந்துவிடுகிறார்கள்.

சூத்திரங்களின் பிறப்பிடத்தையும் பார்க்க வேண்டும். மெக்ஆடம்ஸ் பெயரில் வழங்குவது 1924இல் ஜெர்மனியில் யூர்கெஸ் செய்த சோதனையின் விளைவு. அரை மீட்டர் பக்கமுள்ள, சூடேற்றப்பட்ட செங்குத்துச் செப்புத் தகட்டின் மேல், காற்றுச் சுரங்கத்தில், தகட்டுக்கு இணையாகக் காற்றைச் செலுத்தி அளந்தார்கள். அந்தச் சூத்திரத்தில் உள்ள வேகம் தகட்டை ஒட்டிச் செல்லும் காற்றின் வேகம். அதில் விமான நிலைய வேகத்தை அப்படியே போடுவதற்கு அந்தச் சோதனை எந்த உரிமையும் தரவில்லை. அத்தோடு, அந்த எண்களில் கதிர்வீச்சும் இயற்கைச் சலனமும் (பரப்பின் சூட்டால் தானே எழும் காற்று) கலந்திருக்கக்கூடும் என்று வாட்மஃபும் அவருடைய சகாக்களும் 1977இல் சுட்டிக்காட்டி, 2.8 + 3 × வேகம் என்று திருத்தம் சொன்னார்கள். அதன்படி உங்கள் 21 என்பது 14.8 ஆகிவிடுகிறது.

எனர்ஜிபிளஸில் இயல்பாக இயங்கும் டிஓஇ-2 முறை, யஸ்தானியனும் கிளெம்ஸும் 1994இல் வெளியிட்ட ஜன்னல் அளவீடுகளிலிருந்து வளர்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் நகர்த்தக்கூடிய சோதனைக் கூடத்தை அமெரிக்காவின் ரீனோ நகரில் நிறுத்தி, உண்மையான வெளிக்காற்றில் அளந்தவை அவை. இந்த முறை காற்று மோதும் பக்கத்தையும் மறைவுப் பக்கத்தையும் வேறுபடுத்துகிறது. மோதும் பக்கத்துக்கு 3.26 × வேகத்தின் 0.89ஆம் அடுக்கு; மறைவுப் பக்கத்துக்கு 3.55 × வேகத்தின் 0.617ஆம் அடுக்கு. இதனுடன் இயற்கைச் சலனத்தை, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, சேர்க்கிறார்கள். கண்ணாடியைவிடச் சொரசொரப்பான பரப்புக்கு ஒரு பெருக்கியும் உண்டு: செங்கல்லுக்கு 1.67, கான்கிரீட்டுக்கு 1.52, வழவழப்பான பூச்சுக்கு 1.11. வேகம் 2.05, வெப்பநிலை வேறுபாடு 15 டிகிரி, பெருக்கி 1.52 என்று போட்டால் மறைவுப் பக்கத்துக்கு 8.05 வருகிறது. உங்கள் 8 இத்தகைய கணக்கிலிருந்து வந்திருக்கலாம்.

சென்னையின் மேற்குச் சுவருக்கு இந்தப் பக்க வேறுபாடு குறிப்பாகப் பொருந்துகிறது. பிற்பகலில் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ கடற்காற்று வீசும் நாளில், வெயில் மேற்குச் சுவரைத் தாக்கும் அதே நேரத்தில் அந்தச் சுவர் காற்றின் மறைவில் இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்று கரையேறத் தாமதமாகும் நாட்களில் நிலைமை தலைகீழாகும்: சுவரில் காற்று நேராக மோதும், ஆனால் அது நிலத்தின் மேல் வந்த அனல் காற்று. நகரின் உச்ச வெப்பநிலை பதிவாகும் நாட்களில் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவை. வேகம் 2 மீட்டராக இருக்கும்போது இரு பக்கங்களுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இல்லை. 6 மீட்டர் ஆனால் மேலே சொன்ன காற்றுப் பகுதி மட்டும் மோதும் பக்கத்தில் 16 ஆகவும் மறைவில் 10.7 ஆகவும் பிரிகிறது. ஆகவே சராசரிக் காற்றை வைத்துக் கணக்கிடாமல், வானிலைக் கோப்பில் உள்ள காற்றுத் திசையை மணி நேரவாரியாகப் பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் வழிகாட்டியின் கருத்து. யூ மதிப்பை (ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுவரின் ஒரு சதுர மீட்டர் வழியே செல்லும் வெப்பம்) பொறுத்தவரை அவர் சொல்வது முற்றிலும் சரி. உங்கள் சுவரின் மொத்தத் தடை ஏறத்தாழ 0.50. கூட்டுக் கெழுவை 25லிருந்து 14.5க்கு இறக்கினால் வெளிப்பரப்பின் தடை 0.04லிருந்து 0.069 ஆகும்; யூ மதிப்பு 2.0லிருந்து 1.89க்குக் குறையும், ஐந்தாறு சதவீத மாற்றம்தான். ஆனால் வெயில் படும் சுவரில் இதே கெழு வேறொரு வாசல் வழியாகவும் நுழைகிறது. சுவரில் விழும் வெயில் 600 வாட், உட்கவர்வு 0.6 என்றால் 360 வாட் சுவரில் தங்குகிறது. அதை 25ஆல் வகுத்தால் 14.4 டிகிரி, 14.5ஆல் வகுத்தால் 24.8 டிகிரி. வெளிக்காற்று 37 டிகிரி என்றால், வெயிலையும் சேர்த்துச் சுவர் உணரும் சமான வெப்பநிலை முதல் கணக்கில் 51, இரண்டாவதில் 62. உள்ளே 26 டிகிரி. நிலைத்த நிலைக் கணக்கில் சதுர மீட்டருக்கு 51 வாட் நுழையும் என்று நினைத்த இடத்தில் 68 வாட் நுழைகிறது. செங்கல்லின் வெப்பத் தேக்கம் இந்த உச்சத்தைத் தாழ்த்தி மாலைக்குத் தள்ளும் என்பது உண்மை; ஆனால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலை அது துடைத்துவிடாது. இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன்: சுவரில் காப்பு எவ்வளவு சேர்த்தாலும் இந்த விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும், ஏனெனில் பிழை தடையில் இல்லை, சுவரை வெளியிலிருந்து உந்தும் வெப்பநிலையில் இருக்கிறது.


பதில் 2 – அளவீட்டுக்காரன்

மேலே உள்ள பதிலோடு உடன்படுகிறேன். வெளிப்புற அளவீடுகளில் நெடுநாள் ஈடுபட்டவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு சூத்திரத்தை எடுக்கும் முன் அதில் உள்ள வேகம் எந்த இடத்தில் அளந்தது என்று கேட்பது முதல் கடமை. சுவரிலிருந்து ஒரு கையெட்டும் தூரத்திலா, மொட்டை மாடிக்கு மேலா, வானிலை நிலையத்திலா என்பதைப் பொறுத்து விடை மூன்று மடங்குக்கு மேல் மாறும்.

ஜப்பானில் இட்டோ, கிமுரா, ஓகா ஆகியோர் 1972இல் வெளியிட்ட கள அளவீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர்களின் சூத்திரம் 18.6 × வேகத்தின் 0.605ஆம் அடுக்கு. அந்த வேகம் சுவரை ஒட்டிய வேகம். மேல்மாடிக் காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால், மோதும் பக்கத்தில் சுவரை ஒட்டிய வேகம் அதில் கால் பங்கு; மறைவுப் பக்கத்தில் 0.3 + 0.05 × மேல்மாடி வேகம். மேல்மாடியில் 4 மீட்டர் வீசினால் மோதும் பக்கத்தில் சுவரோரம் 1 மீட்டர், கெழு 18.6. மறைவில் 0.5 மீட்டர், கெழு 12.2. இந்த இடைப்படியை விட்டுவிட்டு 4ஐ நேரடியாகப் போட்டால் 43 வருகிறது. ஆய்வேடுகளில் இந்த 43 போன்ற எண்களைப் பார்த்திருக்கிறேன். சூத்திரத்தின் பெயர் சரியாகவே மேற்கோள் காட்டப்பட்டிருக்கும்.

ஷார்ப்பிள்ஸ் 1984இல் இங்கிலாந்தில் உயரமான கட்டிடம் ஒன்றிலும், லவ்டேயும் டாக்கியும் 1996இல் எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றிலும் அளந்த முடிவுகளும் இதே எச்சரிக்கையைத் தருகின்றன. ஒவ்வொன்றும் அந்தக் கட்டிடத்துக்கும், சுவரில் அந்த இடத்துக்கும், அந்தச் சுற்றுப்புறத்துக்கும் உரியது. மாடி உயர உயரவும், சுவரின் ஓரத்தை நெருங்க நெருங்கவும் கெழு கூடுகிறது. நடுச் சுவரில் அளந்ததை மூலைக்குக் கொண்டுபோக முடியாது.

நீங்களே அளந்து பார்க்க வாய்ப்பு இருந்தால், எளிய வழி ஒன்று உண்டு. மெல்லிய அலுமினியத் தகட்டின் பின்புறத்தில் மின்சூடேற்றி ஒன்றை ஒட்டி, அதற்கும் பின்னால் தடிமனான வெப்பக் காப்பை வைத்து, தகட்டின் முகம் சுவரின் முகத்தோடு ஒரே மட்டமாக இருக்குமாறு பதிக்க வேண்டும். தகடு துருத்திக்கொண்டிருந்தால் அதன் விளிம்பில் காற்று பிரிந்து கெழு கூடித் தெரியும். தகட்டைச் சுற்றி அதே வெப்பநிலையில் இன்னொரு சூடேற்றப்பட்ட சட்டத்தை வைப்பது அவசியம். இல்லாவிட்டால் பக்கவாட்டில் கசியும் வெப்பமும் சலனத்தின் கணக்கில் ஏறிவிடும். சூடான எல்லைப்படலமும் தகட்டின் விளிம்பிலேயே புதிதாகத் தொடங்குவதால் பெரிய சுவரைவிடக் கெழு கூடுதலாகக் கிடைக்கும். பளபளப்பான தகடு ஒன்று, கருப்பு வண்ணம் அடித்த தகடு ஒன்று என்று இரண்டை அருகருகே, ஒரே வெப்பநிலையில் வைத்தால், இரண்டும் இழுக்கும் மின்திறனின் வேறுபாடு கதிர்வீச்சைக் காட்டிக்கொடுத்துவிடும். வெயிலின் தலையீடு இல்லாதபடி இரவில் அளப்பது நல்லது.

காற்றுமானியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. கிண்ணங்கள் சுழலும் வகை, மெல்லிய காற்றில் அசையாமல் நின்றுவிடும். சுவரோரத்தில் உங்களுக்குத் தேவையானது அந்த மெல்லிய காற்றுதான்; எனவே மீயொலிக் காற்றுமானியைப் பயன்படுத்துங்கள். வேகம் சுழியத்துக்கு அருகில் இருக்கும் அளவீடுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நெருக்கமான தெருக்களில் அத்தகைய மணி நேரங்கள் ஏராளம். அப்போது சுவரின் சூட்டால் தானே எழும் காற்றுதான் வெப்பத்தைக் கொண்டுபோகிறது.


மேற்குமுகம்

இருவருக்கும் மிக்க நன்றி. கூட்டுக் கெழுவையும் சலனக் கெழுவையும் பிரித்தவுடனேயே பாதிக் குழப்பம் தெளிந்துவிட்டது. நிலப்பரப்பு வகையும் என் கோப்பில் புறநகர் என்றுதான் இருந்தது.

இன்னும் ஒரு சந்தேகம். வெப்பச் சுமையைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக, எல்லாச் சுவர்களுக்கும் மொட்டை மாடிக்கும் தாழ்ந்த கெழுவையே போட்டுவிட்டால் பாதுகாப்பான கணக்காகிவிடும் அல்லவா?


பதில் 3 – நிழற்சுவர்

எல்லாப் பரப்புக்கும் அது பாதுகாப்பாகாது. காற்று அதிகமானால் சுவர் குளிரும் என்பது, சுவர் காற்றைவிடச் சூடாக இருக்கும்போது மட்டும் உண்மை. ஏசி போட்ட அறையின் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், ஆழமான சன்ஷேடின் நிழலில் இருந்தால், அதன் வெளிமுகம் 37 டிகிரிக் காற்றைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் இருக்கலாம். அங்கே காற்று வேகமாக வீச வீச உள்ளே நுழையும் வெப்பம் கூடும். தாழ்ந்த கெழு அந்தச் சுமையைக் குறைத்தே காட்டும். ஆகவே வெயில் படும் பரப்புக்குத் தாழ்ந்த எல்லையும், நிழலில் உள்ள மெல்லிய பரப்புக்கு உயர்ந்த எல்லையும்தான் பாதுகாப்பானவை. கண்ணாடியில் இந்தத் தேர்வு செங்கல் சுவரைவிடக் கூடுதலாகப் பேசும், ஏனெனில் ஒற்றைக் கண்ணாடியின் தடை முழுவதும் அதன் இருபுறக் காற்றுப் படலங்களிலேயே இருக்கிறது.

மொட்டை மாடி இன்னும் நுட்பமானது. பகலில் அது காற்றைவிட மிகவும் சூடாக இருக்கிறது. மேகமற்ற இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி, காற்றைவிடச் சற்றுக் குளிர்ந்துவிடக்கூடும். அப்போது வீசும் காற்று தளத்துக்கு வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. எனவே ஒரே கெழு பகலில் நன்மையும் இரவில் தீமையும் செய்கிறது. நாள் முழுவதற்கும் ஓர் எண்ணைப் போட்டால் இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவரையும் மறக்கக் கூடாது. ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிச் சுவருக்குள் தளத்தை ஒட்டி நகரும் காற்று, மாடிக்கு மேலே வீசும் காற்றைவிட மெதுவானது. மென்பொருள் தளத்தின் உயரத்தை மட்டுமே பார்த்து வேகத்தைக் கணக்கிடுகிறது, கைப்பிடிச் சுவர் அதற்குத் தெரியாது.

இந்தச் சிக்கல்களைப் பார்த்து, கணினிவழிப் பாய்மக் கணிப்பை நாட உங்களுக்குத் தோன்றலாம். அது நல்ல கருவி. மோதும் பக்கத்தின் மேல் மூலைகளில் கெழு எப்படி உயர்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டும். ஆனால் சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் வெப்பத்தடை முழுவதும் இருக்கிறது என்பதால், வலைப்பின்னலின் முதல் கண்ணறை மில்லிமீட்டருக்கும் கீழான தடிமனில் அமைய வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க, அந்தப் படலத்தைத் தோராயச் சூத்திரத்தால் நிரப்பும் வழக்கமான சுவர்ச் சார்புகளைப் பயன்படுத்தினால் கெழு உண்மையைவிடக் கணிசமாக உயர்ந்து வரும். காற்று வேகம் சரியாக வந்திருப்பதாலேயே வெப்பமும் சரியாக வந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. உங்கள் ஆய்வேட்டின் அளவுக்கு அந்த உழைப்பு தேவையில்லை என்பது என் கருத்து.

நான் செய்யக்கூடியதாகச் சொல்வது இதுதான். நிலப்பரப்பு வகையை நகர் என்று மாற்றுங்கள். டிஓஇ-2 முறையையே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பூச்சின் சொரசொரப்பை மட்டும் சுவரை நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள், ஏனெனில் வழவழப்பான பூச்சுக்கும் கரடான பூச்சுக்கும் இடையில் பெருக்கி 1.11லிருந்து 1.67 வரை ஓடுகிறது. பிறகு மேற்குச் சுவரின் சலனக் கெழுவை மணி நேரவாரியாக வெளியே எடுத்து, அதன் பாதியையும் ஒன்றரை மடங்கையும் பயனர் மதிப்பாகக் கொடுத்து மறுபடி இயக்குங்கள். கிடைக்கும் மூன்று உச்சச் சுமைகளையும் ஆய்வேட்டில் சேர்த்தே தாருங்கள். உங்கள் வழிகாட்டியும் அந்த மூன்று எண்களைப் பார்த்தபின் இதைப் பொருட்படுத்துவார் என்று நம்புகிறேன். சுவருக்கு வெள்ளை வண்ணம் அடித்தால் இந்த மூன்றுக்கும் இடையிலான அகலம் எவ்வளவு சுருங்குகிறது என்றும் பார்த்துவிடுங்கள். உட்கவர்வு 0.6லிருந்து 0.3 ஆனால், மேலே கணக்கிட்ட 10 டிகிரி வேறுபாடு 5 ஆகிவிடும். காற்றைச் சரியாக மதிப்பிட முடியாத கட்டிடத்துக்கு வெளிர்நிறச் சுவர் தரும் பயன்களில் இதுவும் ஒன்று, ஆனால் இதை யாரும் எழுதுவதில்லை.

கெழுவை வெளியே எடுக்கும்போது சில மணி நேரங்களில் 1000 என்ற எண்ணைப் பார்த்தால் அஞ்ச வேண்டாம். வானிலைக் கோப்பில் மழை குறிக்கப்பட்ட நேரத்தில், பரப்பு நனைந்துவிட்டதாகக் கொண்டு எனர்ஜிபிளஸ் அந்தப் பெரிய கெழுவைப் போட்டு, காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலையை (ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதை) பயன்படுத்துகிறது. சராசரி எடுக்கும்முன் அந்த மணி நேரங்களைப் பிரித்துவிடுங்கள். மே மாதத்தில் ஓரிரு இடிமழை நேரங்கள் இருந்தாலே மாதச் சராசரி பொருளற்றதாகிவிடும்.